சேந்தமங்கலத்து யூதப் பள்ளி

ஒன்பதாம் தரத்து மாணவர்களுக்கு, இலங்கையைப் பற்றி அறாபியப் பயணிகளும் புவியியலாளர்களும் எழுதி வைத்தவற்றைச் சொல்லிக்கொண்டிருந்தேன். பாடநூலில் இரண்டு வரிகளில் முடிந்துவிடும் விடயம். நான் கொஞ்சம் நீட்டினேன். 10ஆம் நூற்றாண்டில் எழுதிய அபூ ஸைத் அஸ்ஸீராபி, ஸரந்தீபில் யூதர்கள் பெருந்தொகையாக வாழ்ந்தார்கள் என்றும், மன்னன் ஒவ்வொரு கூட்டத்தாரையும் அவரவர் மார்க்கப்படி வாழ விட்டான் என்றும் குறிப்பிடுகின்றார். 12ஆம் நூற்றாண்டவரான அல் இத்ரீஸியோ, அம்மன்னனின் ஆலோசனைச் சபையில் பதினாறு பேர் இருந்தனர், நால்வர் அவனது சொந்த மதத்தவர், நால்வர் முஸ்லிம்கள், நால்வர் கிறிஸ்தவர்கள், நால்வர் யூதர்கள் என்று கணக்கே தருகின்றார்.

பின்வரிசையில் இருந்த ஒரு பிள்ளை எழுந்து கேட்டாள்: "சேர், அந்த நாலு யூதரும் பொறகு எங்க போனாங்க?"

வகுப்பு சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. எமது மண்ணில் அவளுக்குக் காட்டுவதற்கு என்னிடம் ஒரு கல்லும் இல்லை. ஆனால் கடலுக்கு அப்பால், எமது மூதாதையர் பாய்க்கப்பலில் போய்வந்த அதே மலையாளக் கரையில், அப்படியொரு கல் இருக்கின்றது. அதை நான் தொட்டுப் பார்த்திருக்கின்றேன். அந்தப் பிள்ளையின் கேள்விக்குச் சுற்றிவளைத்துச் சொல்லும் பதிலாகவே இக்கட்டுரையை எழுதுகின்றேன்.

மச்சானின் வைத்தியத்துக்காக அவரோடு எர்ணாகுளம் போயிருந்தேன். அவர் ஆஸ்பத்திரியில் இருந்த நாட்களில் பகல் வேளைகளில் எனக்கு வேலை இருக்கவில்லை. கொச்சிக்குப் போகும் எல்லோரும் மட்டாஞ்சேரிக்குப் போவார்கள். 1568இல் கட்டப்பட்ட பரதேசிப் பள்ளியையும், 1762இல் எசக்கியேல் ரஹபி சீனாவிலிருந்து வருவித்துப் பதித்த நீலப்பூத் தரை ஓடுகளையும் பார்த்துவிட்டு, வெளியே கடைவீதியில் ஏலக்காயும் கம்பளமும் விலை பேசிவிட்டுத் திரும்புவார்கள். நானும் போனேன். கூட்டத்தில் நின்று பார்க்க எனக்கு இயலவில்லை. அடுத்த நாள் வடக்குப் பறவூருக்குப் பஸ் ஏறி, அங்கிருந்து முச்சக்கர வண்டியில் சேந்தமங்கலம் போய்ச் சேர்ந்தேன். (தமிழ்நாட்டிலும் இப்பெயரில் ஊர்கள் உண்டு. இது பெரியாற்றின் கிளைகளும் காயல்களும் சூழ்ந்த மலையாளத்துச் சேந்தமங்கலம்.)

சிறிய ஊர். கொச்சி அரசின் பரம்பரை அமைச்சர்களாக இருந்த பாலியத்து அச்சன்மாரின் மாளிகை அங்குதான் உள்ளது. கைத்தறி வேட்டிக்கும் முண்டுக்கும் பெயர் போன இடம். தெருவில் நடந்தால் தறிச்சத்தம் கேட்கும். கோட்டையில் கோவிலகம் என்னும் குன்றைச் சுற்றி, நடந்து போகக்கூடிய தூரத்துக்குள் ஒரு கோயில், ஒரு தேவாலயம், ஒரு பள்ளிவாசல், ஒரு யூதப் பள்ளி ஆகிய நான்கும் நிற்கின்றன. சங்கும் மணியும் பாங்கும் யூதரின் கொம்பூதலும் ஒரே குன்றடியில் கேட்ட ஊர் என்று ஊரார் பெருமையாகச் சொல்கிறார்கள். கொம்பூதல் மட்டும் நின்று எழுபது ஆண்டுகளாகின்றது.

யூதர்களும் தமது வணக்கத்தலத்தைப் 'பள்ளி' என்றுதான் சொன்னார்கள். நாங்கள் பள்ளி என்கிறோம். மலையாளக் கிறிஸ்தவரும் பள்ளி என்கிறார்கள். பௌத்தரும் சமணரும் விட்டுச்சென்ற ஒரு சொல்லை மூன்று கூட்டத்தாரும் எடுத்துப் பங்குபோட்டுக் கொண்டார்கள்.

வெள்ளையடித்த சுவர்கள், ஓட்டுக் கூரை. தெருவோடு ஒட்டிய படிப்புரை வழியாக நுழைந்து, முற்றத்தைக் கடந்து உள்ளே போக வேண்டும். கேரளத்து வீடும் எமது பழைய பள்ளிவாசல்களும் கொண்டிருந்த அமைப்பேதான். கேரள யூதர்கள் வணக்கத்துக்குள் நுழையுமுன் செருப்பைக் கழற்றுவார்கள் என்று படித்திருந்தேன். ஐரோப்பிய யூதரிடம் இல்லாத வழக்கம் அது. காவலாளி சொல்லுமுன்பே என் கால்கள் செருப்பை விட்டுவிட்டன. உள்ளே மரக்கூரையில் செதுக்கி வர்ணம் தீட்டிய தாமரைகள். நடுவில் வேதம் ஓதும் மேடை. அண்ணாந்து பார்த்தால் மாடியில் இன்னொரு மேடை. பெண்கள் மாடியில் மரத்தட்டிக்குப் பின்னால் இருந்து வணங்குவார்கள். அவர்களுக்கு நேர்முன்னே நின்று ஓதுவதற்காக அந்த இரண்டாம் மேடை. மேலே ஒரு மேடை வைக்கும் இந்த ஏற்பாடு கேரள யூதர்களுக்கே உரியது என்கிறார்கள்.

நான் சொன்ன கல் முற்றத்தில், வாசலுக்கு முன்னால் நிற்கின்றது. ஒரு மீஸான் கல். 'இஸ்ரவேலின் மகள் ஸாரா' என்ற பெண்ணின் கபுறுக்கு வைத்தது. ஆண்டு கி.பி. 1269. இந்தியாவில் கிடைத்த ஹீப்ரு கல்வெட்டுகளுள் மிகப் பழையது இதுவே என்பர். கொடுங்கல்லூரிலிருந்து கொண்டுவரப்பட்டது என்பது ஊர் வழக்கு. எழுத்துகள் அரைவாசி தேய்ந்துவிட்டன. ஓர் அரசனின் பெயரோ பெருவணிகனின் பெயரோ நிலைக்காமல், ஒரு பெண்ணின் பெயர் எழுநூற்றைம்பது ஆண்டுகள் வெயிலிலும் மழையிலும் நின்றிருப்பதைப் பார்த்து நான் கொஞ்ச நேரம் அங்கேயே குந்திக்கொண்டு இருந்துவிட்டேன். "மாஷே, நிழலில் வந்து இருங்கோ" என்று காவலாளி கூப்பிட்டார். நான் ஆசிரியன் என்பதை எப்படிக் கண்டுபிடித்தாரோ தெரியாது. கையில் கொப்பியும் பேனையும் இருந்ததுதான் காரணமாக இருக்கலாம்.

கொடுங்கல்லூர் என்றால் பழைய முசிறிப் பக்கம், மகோதை. கி.பி. 1000 அளவில் சேர மன்னன் பாஸ்கர ரவி, முயிரிக்கோட்டில் இருந்தபடி இஸ்ஸுப்பு இரப்பான் என்ற யூதத் தலைவனுக்கு ஒரு செப்பேடு கொடுத்தான். வட்டெழுத்தில், தமிழிலிருந்து மலையாளம் பிரிந்துகொண்டிருந்த காலத்து மொழியில் எழுதப்பட்டது. எமது ஆறாம் தரத்துப் பிள்ளைக்கும் பாதி விளங்கும். பகல் விளக்கு, நடக்க விரிக்கும் பாவாடை, பல்லக்கு, குடை, பறை, காகளம், தோரணம் என்று எழுபத்திரண்டு உரிமைகள். உல்கும் துலாக்கூலியும் விலக்கு. அவனுக்குப் பின் ஆண்மக்களுக்கும் பெண்மக்களுக்கும் மருமக்களுக்கும், நிலவும் நிலமும் உள்ள வரை அவை செல்லும். அந்தச் செப்பேடு கொச்சி யூதரிடம் இன்றும் பாதுகாக்கப்பட்டு வருகின்றது. 2017இல் இந்தியப் பிரதமர் இஸ்ரேல் போனபோது கையில் கொண்டுபோனது இதன் பிரதியைத்தான்.

அந்தச் செப்பேட்டில் உள்ள ஒரு சொல் எங்களுக்கும் வேண்டியது: அஞ்சுவண்ணம். இரப்பானுக்கு வழங்கப்பட்ட உரிமைகளின் தலைச்சொல் அதுதான். இதற்கு ஒன்றரை நூற்றாண்டு முந்திய, கி.பி. 849இன் கொல்லம் தரிசாப்பள்ளிச் செப்பேட்டிலும் அச்சொல் வருகின்றது. அது ஒரு கிறிஸ்தவப் பள்ளிக்கு வழங்கிய பட்டயம். சாட்சிகளாகக் கையொப்பமிட்டவர்களுள் கூஃபி எழுத்தில் அறபிலே ஒப்பமிட்ட முஸ்லிம்களும், பஹ்லவியில் ஒப்பமிட்ட பாரசீகரும், ஹீப்ரு எழுத்தில் பாரசீக மொழியிலே ஒப்பமிட்ட யூதரும் இருக்கின்றார்கள். ஒரே ஏட்டில் அடுத்தடுத்து. மேற்குக் கடலிலிருந்து வந்த வணிகர் கூட்டமே அஞ்சுவண்ணம் என்று ஆய்வாளர் இன்று கொள்கின்றனர். யூதரும் முஸ்லிம்களும் கிறிஸ்தவரும் அதில் இருந்திருக்கின்றார்கள். காலப்போக்கில், தமிழ்க்கரையில், அச்சொல் முஸ்லிம்களுக்கே உரியதாயிற்று. முஸ்லிம் தமிழிலக்கியத்தின் முதல் நூலாக நாம் கொண்டாடும் பல்சந்தமாலையின் எஞ்சிய பாடல்களிலே அஞ்சுவண்ணத்தவர் யாரென்பது வாசகர்களுக்கு நினைவிருக்கும். தோப்பில் முஹம்மது மீரானின் 'அஞ்சுவண்ணம் தெரு' நாவலைப் படித்தவர்களுக்கும் அப்பெயர் புதிதல்ல. நாம் எமதென்று எண்ணிய ஒரு பெயரின் கீழ் ஒரு காலத்தில் யூதரும் எம்மோடு நின்றார்கள் என்பதை எனக்கு எந்த வகுப்பறையிலும் யாரும் சொல்லித் தரவில்லை. ஆசிரியர் கலாசாலையில் வரலாறு கற்ற நாட்களிலும் இல்லை.

1344இல் எமது புத்தளத்தில் வந்திறங்கிய இப்னு பதூதா, மலையாளக் கரையில் கோழிக்கோட்டிலிருந்து கொல்லத்துக்குப் போகும் வழியில் ஒரு குன்றைக் கண்டார். அதன் மேல் யூதர்கள் வாழ்ந்தார்கள். தம்முள் ஒருவரையே தலைவராகக் கொண்டு, கொல்லத்து அரசனுக்குத் திறை செலுத்தினார்கள். குஞ்சாக்கரி என்று அவ்விடத்துக்குப் பெயர் எழுதுகின்றார். அதைச் சேந்தமங்கலத்துக் குன்றோடு இணைத்துப் பேசும் ஆய்வாளர்கள் இருக்கின்றார்கள். எனக்கு அதை நம்பவே விருப்பம். காரணம் வேறொன்றுமில்லை, புத்தளத்தில் வளர்ந்தவன் என்பதுதான்.

இதுவரை சொன்னதெல்லாம் சொல்வதற்கு இனிமையானவை. இனிச் சொல்லப்போவது அப்படியல்ல. இக்கட்டுரையின் முதற்பிரதியைப் பார்த்த நண்பரான ஒரு மௌலவி, "இந்த இடத்தை விட்டுடுங்களேன்" என்றார். விட மனம் ஒப்பவில்லை. ஏனென்றால் இதை எழுதி வைத்தவர் எமது எதிரி அல்ல. மலபாரின் பேரறிஞர், ஷாபிஈ மத்ஹபைப் படித்த எவரும் மதிக்கும் ஷெய்கு அஹ்மது ஸைனுத்தீன் மக்தூம். 16ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அறபில் அவர் எழுதிய 'துஹ்பத்துல் முஜாஹிதீன்' போர்த்துக்கேயருக்கு எதிரான போராட்டத்தின் வரலாறு. அதில் ஹிஜ்ரி 931இல், அதாவது கி.பி. 1524-25இல், கொடுங்கல்லூரில் நடந்ததையும் அவர் மறைக்காமல் எழுதுகின்றார். யூதர்கள் முஸ்லிம் ஒருவரைக் கொன்றதில் பகை மூண்டது. பல ஊர்களின் முஸ்லிம்கள் திரண்டு படகேறிப் போனார்கள். யூதர் பலரைக் கொன்றார்கள். வீடுகளையும் யூதப் பள்ளிகளையும் எரித்தார்கள். பிறகு கிறிஸ்தவரின் வீடுகளையும் பள்ளிகளையும் எரித்தார்கள். தப்பியவர்கள் கிழக்குப் பக்கமாக ஓடினார்கள்.

ஒரு கொலைக்கு ஓர் ஊரையே எரிப்பது என்ன நியாயம் என்று ஷெய்கு கேட்கவில்லை. அவர் காலத்தின் மனிதர் அவர். ஆனால் நடந்ததை நடந்தபடி வைத்துவிட்டுப் போனார். பின்னால் போர்த்துக்கேயரின் கெடுபிடியும் சேர்ந்து கொடுங்கல்லூரில் யூத வாழ்வை முடித்து வைத்தது. கொச்சி மன்னன் தன் அரண்மனை ஓரத்திலேயே அவர்களுக்கு இடம் கொடுத்தான். எமது வரலாற்றிலும் இதே போன்ற ஒரு பக்கம் உண்டு. 1626இல் போர்த்துக்கேயர் தம் ஆட்சிப் பகுதியிலிருந்து முஸ்லிம்களை விரட்டியபோது, கண்டி மன்னன் செனரத் அவர்களை ஏற்றுக் கிழக்கிலே குடியமர்த்தினான். அந்தப் பக்கத்தை நாம் மேடைகளில் சொல்கிறோம். சொல்ல வேண்டியதுதான். கொடுங்கல்லூரையும் சேர்த்துச் சொல்லலாம் என்பதே என் எண்ணம்.

யூதருக்குள்ளும் எல்லாம் ஒழுங்காக இருக்கவில்லை. ஸ்பெயினிலிருந்தும் மேற்காசியாவிலிருந்தும் பிந்தி வந்த பரதேசிகள், முந்தி வந்த மலபாரிகளைக் கறுப்பரென்று ஒதுக்கினார்கள். விடுதலை பெற்ற அடிமைகளின் வழிவந்தோருக்கு மட்டாஞ்சேரிப் பள்ளியில் சமமான இருக்கை இல்லை. அவ்வழிவந்த ஏ.பி. ஸாலம் (1882-1967) சட்டம் படித்து, காந்திய வழியில் அந்தப் பள்ளிக்குள்ளேயே சத்தியாக்கிரகம் இருந்தார். யூதக் காந்தி என்று அவரைச் சொல்வார்கள். சேந்தமங்கலத்தவர் மலபாரிகள், சிறு வியாபாரம் செய்து பிழைத்தவர்கள், மட்டாஞ்சேரியின் செல்வம் அவர்களிடம் இருக்கவில்லை.

அவர்கள் வைத்திருந்த செல்வம் பாட்டு. பாடியவர்கள் பெண்கள். கல்யாணப் பாட்டு, நபிமார் கதைப் பாட்டு, ஒவ்வொரு ஊர்ப் பள்ளியும் கட்டப்பட்ட கதையைச் சொல்லும் பாட்டு. ஆண்கள் இருக்கும் சபையிலும் பெண்கள் பாடினார்கள். அதற்குத் தடை இருக்கவில்லை. கேட்டு எழுதி, பார்த்து எழுதி, தாயிடமிருந்து மகளுக்குக் கொப்பி கொப்பியாகப் போயின. வேதமொழி ஹீப்ருவாயினும் பாட்டுகளை மலையாள எழுத்திலேயே எழுதினார்கள். நாமோ எமது பெண்களின் மாலைகளையும் முனாஜாத்துகளையும் அறபெழுத்தில் தமிழாக எழுதினோம். கொச்சியில் பிறந்த ரூபி டானியல் (1912-2002) முதுமையில் இப்பாட்டுகளை ஆங்கிலத்திற் பெயர்த்து, தம் நினைவுகளையும் நூலாக்கினார். ஸ்கறியா ஸக்கறியாவும் பார்பரா ஜோன்சனும் அவர்களைப் போன்ற பிறரும் கொப்பிகளைத் தேடித் திரட்டினார்கள். 2005இல் 'கார்குழலி' என்ற பெயரில் ஒரு தொகுதி வெளிவந்தது.

அவர்களின் பேச்சுமொழி பற்றி ஆய்வாளர் எழுதியதைப் படித்தபோது வியந்துபோனேன். தாயை உம்மா என்றார்கள், தந்தையை வாவா என்றார்கள். எமது வாப்பாவுக்கு எத்தனை அருகில்! ஒருவர் இறந்துவிட்டால் 'சாலோம் ஆயி' என்பார்கள். மாப்பிள்ளை முஸ்லிம்கள் 'மய்யத்தாயி' என்பார்கள். நாம் 'மௌத்தாயிட்டார்' என்கிறோம். வேதமொழிச் சொல்லை எடுத்துத் திராவிட வினையோடு முடிச்சுப் போடும் அதே கைவேலை.

என் உம்மும்மாவிடம் அறபுத்தமிழில் எழுதிய ஒரு கொப்பி இருந்தது. தகரப் பெட்டிக்குள், பிடவைக்குக் கீழே. 1990 ஒக்டோபரில் மன்னார்த் தீவிலிருந்து நாங்கள் வெளியேற்றப்பட்டு, படகில் கற்பிட்டிக்கு வந்து சேர்ந்தபோது எனக்குப் பத்து வயது. பெட்டி வரவில்லை.

இதனாற்றானோ என்னவோ, சேந்தமங்கலத்து யூதர்கள் எப்படிப் போனார்கள் என்பதையே நான் திரும்பத் திரும்பக் கேட்டேன். எங்களைப் போலல்ல. அவர்களை யாரும் விரட்டவில்லை. கொச்சி மண்ணில் யூதர் என்பதற்காக அவர்களை வெறுத்தவர்கள் அண்மைக் காலத்தில் இருந்ததில்லை. 1948இல் இஸ்ரேல் உருவானது. தலைமுறை தலைமுறையாகத் தொழுகையில் கேட்டு வந்த நாடு கூப்பிடுகின்றது என்று நம்பினார்கள். 1949இல் கொச்சி அரசு திருவிதாங்கூரோடு இணைந்தபின் பழைய அரசனின் நிழலும் இல்லை. வறுமையும் இருந்தது. நிலத்தையும் வீட்டையும் விற்றார்கள். ஆனால் புறப்பட்டவுடன் போய்விட முடியவில்லை. யானைக்கால் நோயைக் கொண்டுவந்து விடுவார்கள் என்று இஸ்ரேலிய சுகாதாரத்துறை தடுத்து வைத்தது. விற்றவற்றின் காசைத் தின்று தீர்த்தபடி காத்திருந்தார்கள். 1953இலிருந்து 1955 வரையிலேயே பெரும்பாலானோர் போனார்கள். எட்டுப் பள்ளிகளைச் சேர்ந்த இரண்டாயிரத்துக்குச் சற்று மேற்பட்ட மக்கள். நெகேவ் பாலைவனத்து நெவாத்திம் போன்ற குடியிருப்புகளில் இறக்கிவிடப்பட்டார்கள். மிளகும் தென்னையும் கண்ட கைகள் அங்கே பூந்தோட்டம் போட்டன. அவர்கள் குடியமர்த்தப்பட்ட ஊர்களில் சில, 1948இல் வீடிழந்து ஓடிய பலஸ்தீனரின் கிராம நிலங்களில் எழுந்தவை. தமது பள்ளியை அயலாரை நம்பி ஒப்படைத்து வந்தவர்கள், அங்கே இன்னொருவரின் இடிந்த வீட்டருகே அடுப்பு மூட்டினார்கள். அதை அறிந்து செய்தார்களா என்று அந்த ஏழைகளிடம் கேட்பதற்கு எனக்கு வாய் வராது. அகதியாய்ப் போன அந்தப் பலஸ்தீனரை மறந்து இதை எழுதவும் கை வராது.

அயலாரை நம்பி என்றேன். மாளை ஊரவர் 1955இல் புறப்படுமுன் தமது பள்ளியையும் மையவாடியையும் உள்ளூர்ப் பஞ்சாயத்திடம் எழுத்தில் ஒப்படைத்தார்கள். மட்டாஞ்சேரியில் மலபாரிகளின் கடவும்பாகம் பள்ளிக்கு வேறு விதி. உட்புறத்து மரவேலைகள் கழற்றப்பட்டு, ஜெருசலேமின் இஸ்ரேல் அருங்காட்சியகத்தில் 1995 முதல் நிற்கின்றன. வெறுங்கட்டடம் பண்டகசாலையாகக் கிடந்து, 2019 மழையில் முகப்பு இடிந்து விழுந்தது. பறவூர்ப் பள்ளியும் சேந்தமங்கலத்துப் பள்ளியும் அரசு கையேற்றதால் பிழைத்தன. சேந்தமங்கலத்தில் திருத்தவேலைகள் முடிந்து 2006இல் காட்சியகமாகத் திறந்தார்கள். சுவர்ப் பலகைகளில் குடும்பங்களின் படங்கள். சட்டையும் முண்டுமாக யூதப் பெண்கள். பெயர்ப்பலகையை மறைத்துவிட்டால் எந்தக் கரையோர ஊர் முஸ்லிம் குடும்பம் என்று கேட்பீர்கள். 2018 ஆகஸ்ட் வெள்ளத்தில் இந்த ஊர் மூழ்கி, தறிகள் சேற்றில் கிடந்தன. சேறு படிந்த துணியைக் கழுவி வெட்டிச் சேக்குட்டி என்று சிறு பொம்மைகள் செய்து விற்று நெசவாளருக்குக் கைகொடுத்தார்கள். எனக்கு அங்கே ஒன்று கிடைத்தது. இப்போது வகுப்பறை அலுமாரியில் இருக்கின்றது.

மட்டாஞ்சேரியைப் பற்றி இரண்டு சொல்ல வேண்டும். அங்கே 17ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இறந்த நெஹமியா முத்தா என்ற யூதப் பெரியாரின் கபுறில் முஸ்லிம்களும் இந்துக்களும் கிறிஸ்தவரும் மெழுகுதிரி ஏற்றுகிறார்கள். தர்ஹா கூடுமா கூடாதா என்ற எமது சண்டை அந்தத் தெருவுக்கு எட்டவில்லைப் போலும். மற்றது, 2019இல் தொண்ணூற்றாறு வயதில் காலமான ஒரு யூத மூதாட்டியின் தையற்கடை. பிள்ளைகளில்லாத அவரை இறுதிவரை மகனைப் போலப் பார்த்துக்கொண்டவர் ஒரு முஸ்லிம் வியாபாரி. கடையை இன்றும் அவர் நினைவாகத் திறந்து வைத்திருக்கின்றார். 2024 ஆகஸ்டில் பரதேசிச் சமூகத்தின் கடைசிப் பெண்மணியும் அங்கே மறைந்தார்.

ஊர் திரும்பியதும் வாப்பாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். மன்னாரில் எமது பள்ளிவாசலில் அவர் முஅத்தினாக இருந்தவர். சண்டை ஓய்ந்து நாங்கள் முதன்முதல் போய்ப் பார்த்தபோது, ஹவுளுக்குள் முளைத்திருந்த ஆலங்கன்றைத் தன் கையாலேயே பிடுங்கியவர். செப்பேடு, அஞ்சுவண்ணம், இப்னு பதூதா எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுக்கொண்டிருந்தார். பின்பு ஒன்றுதான் கேட்டார்.

"மகன், அந்தப் பள்ளிய இப்ப ஆரு கூட்டுற?"

"அரசாங்கத்தால ஒராள் போட்டிருக்கு வாப்பா. ஒவ்வொரு நாளும் காலையில வந்து திறந்து கூட்டுவாராம்."

"யூதரா?"

"இல்ல. உள்ளூர்க்காரர்."

"ம்" என்றார். சற்றுப் பொறுத்து, அந்த மீஸான் கல்லைச் சுற்றிப் புல் முளைத்திருந்ததா என்று கேட்டார். இல்லை, துப்புரவாக இருந்தது என்றேன்.